இப்போது படம் தெளிவாக இருக்கிறதா

எந்த செட்டிங் வைத்தால் படம் நன்றாக இருக்கும் என்று தினமும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார். என் பதில் எப்போதும் ஒன்றுதான். பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். உங்கள் டிவி எதைத் தாங்குமோ அதையே சேனல் தரும் டிகோடர் பெட்டியிலும் வையுங்கள். டிவி 1080 என்றால் டிகோடரும் 1080. அதற்கு மேலே போனால் சில டிவிகளில் திரை கறுத்துவிடும். கீழே இறக்கினால் நடிகையின் முகமெல்லாம் ஈர மாவு பூசியது போல் ஆகிவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். இதைப் பொறுமையாகப் புரியவைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பேச்சைப் பதிவு செய்யலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் கால் சென்டரில் என் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. டிகோடர் கோளாறு என்று கூப்பிடுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களெல்லாம் எங்கள் வரிசைக்குத்தான் வருவார்கள். குரலை உயர்த்தாமல் பேசிப் பேசி வீட்டிலும் எனக்கு அதே குரலாகிவிட்டது. உங்களுக்கு அது கல்நெஞ்சக்காரியின் குரலாகப் படலாம். பழக்கம், வேறொன்றுமில்லை.

நீங்கள் மருத்துவமனையின் நலப் பிரிவிலிருந்து வருகிறீர்கள். காஜாங்கிலிருந்து குமுதா ஆன்டி புகார் கொடுத்திருக்கிறார். அப்பாவை ஏன் இவ்வளவு தாமதமாகக் கண் டாக்டரிடம் கொண்டுவந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சொல்கிறேன். அப்பா உள்ளே தூங்குகிறார். தேத்தண்ணியை ஆறுவதற்குள் குடியுங்கள்.

அப்பா தம்புசாமி, போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். பண்டமாரானில் இந்த வீடு அவர் உழைத்து வாங்கியது. அம்மா இராஜம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பாவுக்கு இனிப்பு நீர் வெகு காலமாக உண்டு. காலையில் ஊசி போடுவது நான், சோற்றை அளந்து வைப்பது நான், தேத்தண்ணியில் சீனி இல்லை என்று ஏச்சு வாங்குவதும் நான். இதில் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மகள் என்றால் மாதவி மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள்.

அம்மா போன மறு ஆண்டு ஈப்போவிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெயர் லோகன், பள்ளி ஆசிரியர். பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு கொஞ்ச நாள் போனில் பேசினோம். அவர் நன்றாகச் சிரிக்க வைப்பார். அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீ போயிட்டு வாம்மா. எனக்கென்ன, ஒரு பிடி சோறு, யாராச்சும் போடுவாங்க” என்றார். அதற்குமேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் லோகனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னாய் என்று அப்பா இன்றுவரை கேட்டதில்லை. மறுநாள் மட்டும் சோற்றை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு முறை காஜாங்கில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனார். மணப்பெண்ணுக்கு ரவிக்கை தைத்த குமுதா ஆன்டி பந்தியில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கணவரை இழந்தவர், சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறிவிடுவார். கேஎல் சென்ட்ரலில் மாறி, காஜாங். திரும்பி வரும்போது எனக்குக் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி வாங்கிவருவார். கடலைக் குழம்பு தனியாகப் பையில் இருக்கும்.

பிறகு ஒரு நாள் என் வேலை முடியும் நேரம் பார்த்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வந்தார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

“நானும் குமுதாவும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம் மாதவி. நான் அங்கயே போயிடுறேன். உனக்கும் ஃப்ரீயா இருக்கும்லா.”

எனக்கு வலித்தது. ஆறு கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்பார்களே, அந்த ஆற்றை எனக்குத் தெரியாமலே அப்பா கடந்து போயிருந்தார். நல்ல சேதிதானப்பா என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

அந்த மாதமே கிளினிக்கில் அப்பாவின் கண்ணை உள்ளே படம் எடுத்தார்கள். இனிப்பு நீர் இருக்கிறவர்களுக்கு எடுப்பது வழக்கம். அப்பா மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது, படம் எடுத்த நர்ஸ் மிஸ்ஸி என்னை அறைக்குள் கூப்பிட்டார். இரண்டு கண்ணிலும் உள்ளே கெட்ட இரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்றார். பெரிய மருத்துவமனையில் லேசர் வைக்க வேண்டும், இப்போதே போனால் பார்வையைக் காப்பாற்றலாம், அப்படியே விட்டால் ஒரு நாள் உள்ளே இரத்தம் கசிந்து இருண்டுவிடும் என்றார். தேதி சொல்லப் போன் வருமாம். தெரியாத எண் என்றாலே மோசடிக்காரன் என்று அப்பா எடுக்க மாட்டார். அதனால் என் எண்ணைக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் “என்னவாம்?” என்று கேட்டார். “ஒன்னும் இல்லப்பா, நல்லா இருக்காம்” என்றேன். அது யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. மறுநாள் உட்கார்ந்து நன்றாக யோசித்தேன். சொன்னதை மாற்றத் தோன்றவில்லை.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பெரியவரைத் தனியார் நிபுணரிடம் காட்டுகிறோம் என்று சொன்னேன். மறுபடி வந்தது, மறுபடி அதையே சொன்னேன். பிறகு வரவில்லை. எங்கள் வேலையிலும் அப்படித்தான், வேண்டாம் என்கிறவரை எத்தனை தடவை கூப்பிடுவது? கிளினிக்கில் வேறொரு டாக்டர் கண்ணைப் பற்றிக் கேட்டபோது அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் மலாயில் பதில் சொன்னேன். அதெல்லாம் பார்த்தாச்சு டாக்டர் என்றேன். கிளினிக்கில் எடுத்த படத்தைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து அப்பாவும் தலையாட்டினார்.

அப்பா தன் கண்ணைச் சோதிக்கச் சொந்தமாக ஒரு வழி வைத்திருந்தார். தமிழ்ப் படத்துக்குக் கீழே மலாய் எழுத்து ஓடுமல்லவா, அதை நாற்காலியில் உட்கார்ந்தபடி உரக்கப் படிப்பார். படிப்பதோடு விடமாட்டார். “அவன் சொல்றது ஒன்னு, இவன் எழுதுறது ஒன்னு. இவனுக்கெல்லாம் யார் லா வேலை கொடுத்தது?” என்று திரையோடு சண்டை போடுவார். பூப்பந்து ஆட்டம் என்றால் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று நடுவருக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். நான் வேறு மாதிரி சொன்னால், உனக்குக் கண் தெரியவில்லை என்பார். டிவி தெரிகிற வரைக்கும் தன் கண் நன்றாக இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

ஒரு நாள் சாயங்காலம், “எழுத்து மங்கலா இருக்கே மாதவி” என்றார்.

எங்கள் வேலையில் முதல் பாடம், கோளாறு உங்களிடம்தான் என்று வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது. முதலில் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். 1080, சரியாகத்தான் இருந்தது. “நாளைக்குப் பார்க்கிறேன்பா” என்றேன். மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கும் முன் அதை 576க்கு இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்று நான் வீடு திரும்பும்போது வாசலிலேயே காத்திருந்தார். எழுத்து இன்னும் மோசமாம். ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். இதுவும் எங்கள் பாடம்தான். நாம் சரிசெய்து கொடுத்தால் சந்தேகப்படுவார்கள், தன் விரலால் அழுத்தியவர்கள் நம்பிவிடுவார்கள். “செட்டிங் போங்கப்பா. படம்னு இருக்கா? ரெசொல்யூஷன். மேல போங்க, மேல. இப்ப ஓகே அழுத்துங்க.” திரை ஒரு கணம் கறுத்து, பிறகு படம் வந்தது. அந்த ஒரு கணக் கறுப்பு மிகவும் முக்கியம். அதற்குப் பிறகு வரும் எந்தப் படமும் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கும்.

“இப்ப படம் கிளியரா இருக்காப்பா?”

“ஆமா லா. பளிச்சுன்னு இருக்கு. நான்கூட கண்ணுதான் போச்சோன்னு பயந்துட்டேன்.”

அன்று அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். ஒரு மனிதரின் பயத்தைப் போக்கினேன். அதை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அது பழகிவிட்டது. காலையில் இறக்குவேன், சாயங்காலம் அவரை ஏற்ற வைப்பேன். கண் இறங்க இறங்க நானும் எண்ணை இறக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. 480 வரைக்கும் போனேன். சில நாள் நான் எதையும் தொடாமலே விட்டுப் பார்த்தேன். அன்றும் ஓகே அழுத்திவிட்டு, இப்பதான் நல்லா இருக்கு என்றார். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பது பார்வைக்கும் பொருந்தும் போலிருக்கிறது. நாற்காலியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக டிவிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டே வந்தார். அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜாங்குக்குப் போகிறவர் எதிர்ப்பக்க ரயிலில் ஏறி போர்ட் கிள்ளானில் போய் இறங்கிவிட்டார். கடைசி நிலையம் என்று எல்லாரும் இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே இருந்து எனக்குப் போன் செய்து, தானே சிரித்தார். “போர்டுல என்ன எழுதியிருக்குன்னே தெரியல லா. நம்ம வீட்டு டிகோடர் மாதிரி இவனுங்களும் செட்டிங்க இறக்கி வெச்சிருக்கானுங்க.” ஆமாப்பா, அந்தத் திரையெல்லாம் பழசு என்றேன். பொய்யை நான் சொல்ல வேண்டிய நிலை எப்போதோ போயிருந்தது. அவரே சொன்னார், நான் ஆமோதித்தேன்.

குமுதா ஆன்டிக்கு மட்டும் சந்தேகம் வந்தது. தையல்காரி அல்லவா, கண்ணைப் பற்றி அவருக்குத் தெரியும்.

“மாதவி, அப்பாக்கு கண்ணு சரியில்லம்மா. ஊசில நூல் கோத்துத் தாங்கன்னேன், காத்துல குத்திக்கிட்டு நிக்கிறாரு. என்னன்னு கேட்டா டிகோடர் அது இதுன்னு சொல்றாரு. ஸ்பெஷலிஸ்ட்டுகிட்ட காட்டுனியா?”

“காட்டியாச்சு ஆன்டி. வயசுக்கு வர்றதுதானாம். கல்யாணத்துக்கு அப்புறம் கண்ணாடி மாத்திக்கலாம்னு சொன்னாங்க.”

கல்யாணம் என்ற சொல்லை நானே எடுத்ததில் அவர் குளிர்ந்துபோனார். உனக்கு நல்ல மனசும்மா என்றார். அவருக்கு என்மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு பதிலில் அவரும் நிம்மதியாகப் போனை வைத்தார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவுத் திருமணத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், பூப்பந்து இறுதி ஆட்டம். அதற்காக அப்பா அன்று காஜாங்குக்குப் போகவில்லை. நான் சமையலறையில் இருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, கூட்டத்தின் கூச்சல் எனக்குக் கேட்டது.

“மாதவி, சத்தம் மட்டும் வருது, படம் வரல. டிகோடர் போச்சா?”

வந்து பார்த்தேன். படம் நன்றாக வந்துகொண்டிருந்தது, 1080இல். அப்பா அதற்கு ஒரு கை தூரத்தில், கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருந்தார்.

“ஆமாப்பா, டிகோடர்தான். செட்டிங்க மாத்திப் பாருங்க.”

அவர் விரல்களுக்கு இப்போது வழி மனப்பாடம். பார்க்காமலே அழுத்தினார். ஓகே. ஒரு கணம் பொறுத்தார். “வரலியே” என்றார். மறுபடி அழுத்தினார். மறுபடி. வியர்த்துவிட்டது அவருக்கு. பிறகு சன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

“சன்னல சாத்திட்டியாம்மா?”

“ஆமாப்பா. மழை வர்ற மாதிரி இருக்கு.”

அப்பா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கையை நீட்டினார். சன்னல் திறந்துதான் இருந்தது. நல்ல வெயில். கையில் பட்டிருக்க வேண்டும். கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பிள்ளை போல அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான், அம்மாவின் சாவுக்குக்கூட அவர் அழவில்லை.

உடனே கொண்டுபோயிருக்கலாமே என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவசரப் பிரிவில் கூட்டம் அதிகம். ஆட்டமும் முடியவில்லை. முடிந்த பிறகு, அவருக்குச் சோறு கொடுத்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக் கூட்டிப்போனேன். உங்கள் டாக்டர்கள் அறுவை சிகிச்சை செய்தார்கள், பலனில்லை. இரண்டு கண்ணிலும் விழித்திரை பிய்ந்துவிட்டதாம். லேசர் வைத்திருந்தால் நின்றிருக்கும் என்றார் டாக்டர். மிஸ்ஸி சொன்ன அதே வார்த்தைகள்தான்.

வார்டில் அப்பா ஆன்டியிடம் டிகோடர் கதையைச் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார், தினமும் என் மகள் சரி பண்ணிக் கொடுப்பாள் என்று. ஆன்டியின் வீட்டிலும் அதே டிகோடர். அங்கே ஒரு நாளும் எண் தானாக இறங்கியதில்லை. ஆன்டி அப்போதே எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டார். அப்பாதான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் நான் கஞ்சி ஊட்டும்போது கேட்டார்.

“டிகோடர் செட்டிங் தானா மாறாதாமே. குமுதா சொல்றாங்க.”

“அப்டேட் வந்தா மாறும்பா. அது அவங்களுக்குத் தெரியாது.”

வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினார். கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி வெகுநேரம் வைத்திருந்தார். அவர் அதற்குமேல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். “சரிம்மா, உன் வேலைல உனக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். நான் அடுத்த கரண்டியை ஊட்டினேன்.

மறுநாள் ஆன்டி வந்து, கண் இல்லாவிட்டால் என்ன, ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்டு என் வீட்டுக்கு வாங்க என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அப்பா ஆன்டியின் கையைத் தன் கையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தார். “வேணாம் குமுதா. குருட்டு ஆள இழுத்துக்கிட்டு நீங்க எதுக்கு அலையணும்? எனக்கு என் மக இருக்கா” என்றார். ஆன்டி சத்தம் போட்டு அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை, நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். ஆமாம், தெரியும். லேசர் வைக்காவிட்டால் பார்வை போகும் என்று தெரிந்து, போன் வந்தபோது மறுத்தேன். தெரிந்துதான் காலையில் எழுந்து எண்ணை இறக்கினேன். கண் போனால் காஜாங்குக்குப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் செய்தேன். போலீஸுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் என்னைக் கொண்டுபோனால் நாளைக் காலையில் இவருக்கு ஊசி போடுவது யார் என்பதையும் உங்கள் மேலதிகாரிகளிடம் கேட்டு வையுங்கள்.

இப்போது நேரமாகிறது. ஆட்டம் ஆரம்பிக்கப்போகிறது, அப்பாவை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். புது டிவி வாங்கியிருக்கிறேன், பாருங்கள், டிகோடரும் புதுசு. இருப்பதிலேயே உயர்ந்த செட்டிங்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அடியையும் நான் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். பந்து உள்ளே விழுந்தது என்றால் சரி என்பார், வெளியே என்றாலும் சரி என்பார். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடுவார், ஒரு ஆட்டத்தைக்கூட நிம்மதியாகப் பார்க்க விடமாட்டார். இப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கிறோம்.